மழைக்குப்பின் வண்டியின் நாடி



ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை சற்று வலுத்துப் பெய்தால் போதும். பாலக்கரையிலிருந்து தொலைவில்லாத மேலப்புதூர் சுரங்கப்பாதையில் நீர் தேங்கிவிடும். திருச்சிக்கு இது புதிதன்று. 1977 நவம்பரில் புயல் மழையால் நகரில் வெள்ளம் புகுந்ததை முதியோர் இன்றும் சொல்லக் கேட்கிறோம். அக்காலத்தில் கார் வைத்திருந்தோர் சிலரே. இன்றோ வங்கிக் கடனில் வாங்கிய வண்டியும், கைமாறி வந்த பழைய வண்டியும், பிழைப்புக்கென ஓட்டும் வாடகை வண்டியும் தெருவெங்கும் நிற்கின்றன. மழை விட்ட மறுநாள் “வண்டி இழுக்கவில்லை”, “மிஸ் அடிக்கிறது” என்னும் முறையீடுகளும் தெருவெங்கும் எழுகின்றன.

நல்ல வைத்தியர் நாடியைத் தொடுமுன், “எப்போது தொடங்கிற்று?” என்று கேட்பார். மழையில் நனைந்த வண்டிக்கும் முதற் கேள்வி அதுவே. நீரைக் கடந்தவுடனா, மறுநாள் காலையிலா, பெட்ரோல் போட்ட பிறகா, ஒரு வாரம் கழித்தா? இதைக் கேளாமல் பிளக்கையும் காயிலையும் பம்பையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கும் பட்டறைகளும் உண்டு. அந்தச் சோதனைக்குச் செலவு செய்பவர் நீங்களே.

நீரைக் கடந்தவுடன் பிரேக் பிடிக்காமற் போனால் அஞ்ச வேண்டியதில்லை. மெதுவாகச் சென்றுகொண்டே மிதியை இலேசாகப் பலமுறை அழுத்துங்கள். உராய்வின் சூட்டில் ஈரம் உலர்ந்துவிடும். ஃபேன் பெல்ட் கிறீச்சிடுவதும் பெரும்பாலும் அப்படியே உலர்ந்து அடங்கும். அடங்காவிடில் பெல்ட் தேய்ந்திருக்கிறது என்று கொள்க. மறுநாள் காலை வண்டி எதையோ இழுத்துக்கொண்டு செல்வது போலிருந்தால், ஈரத்தோடு கைப்பிரேக் போட்டு நிறுத்தியதால் பின்சக்கரப் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

மிஸ் அடிப்பது வேறு கதை. பெட்ரோல் எஞ்சினில் பிளக்கின் முனையில் தீப்பொறி எழ, பல்லாயிரம் வோல்ட் மின்சாரம் செல்ல வேண்டும். வழியில் ஈரம் இருந்தால் அம்மின்சாரம் பிளக்கை அடையாமல் ஈரத்தின் மேலாகவே ஒழுகிவிடும். நான்கு சிலிண்டர்களில் ஒன்று வேலை செய்யாது, வண்டி குலுங்கும். அம்பாசடர், பியட் காலத்து ஓட்டுநர்கள் டிஸ்டிரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்து மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். இப்போதைய கார்கள் பலவற்றில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனிக் காயில் அமர்ந்திருக்கிறது. பிளக் இருக்கும் குழியில் நீர் தேங்கினால் எளிதில் உலராது. எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, காயிலை எடுத்துக் குழியைக் காற்றடித்து உலர்த்த வேண்டும். காலையில் குலுங்கிய வண்டி எஞ்சின் சூடேறியதும் சீராகி, அடுத்த மழையில் மீண்டும் குலுங்குமாயின், காயிலின் ரப்பர் உறையிலோ ஒயரிலோ வெடிப்பு இருக்கிறது. அதை மட்டும் மாற்றினால் போதும். எஞ்சின் விளக்கு மின்னிக்கொண்டே இருக்க வண்டியை ஓட்டுவது கூடாது. எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியிலுள்ள புகைவடிப்பானுக்குள் சென்று அதைச் சுட்டுக் கெடுத்துவிடும்.

குலுக்கமின்றி இழுவை மட்டும் குறைந்தால் முதலில் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். நனைந்த காகிதம் காற்றை விடாது. டீசல் வண்டியானால் கரும்புகையும் வரும். பெட்ரோல் போட்ட சிறிது தூரத்திலேயே தொல்லை தொடங்கினால் பழி எரிபொருளைச் சேரும். இப்போது விற்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்துள்ளது. எத்தனால் நீரை ஈர்த்துத் தன்னுள் வைத்துக்கொள்ளும். நீர் அளவு மிஞ்சினால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். பம்பு உறிஞ்சுவதோ அடியிலிருந்துதானே!

இவையெல்லாம் சில நூறோ சில ஆயிரமோ ரூபாயில் தீர்பவை. குடும்பத்தின் சேமிப்பையே விழுங்கும் ஆபத்து ஒன்று உண்டு. தேங்கிய நீரின் நடுவே எஞ்சின் நின்றுவிட்டால், பெரும்பாலோர் உடனே செய்வது மீண்டும் செல்ஃப் அடிப்பது. அதைச் செய்யவே கூடாது. சைலன்சர் வழியாக நீர் புகுவதைப் பற்றியே எல்லோரும் கவலைப்படுகின்றனர்; உண்மையான ஆபத்து முன்புறம் காற்றை உறிஞ்சும் குழாய் வழியாகவே வருகிறது. காற்றை அழுத்தலாம், நீரை அழுத்த முடியாது. 1200 சி.சி. பெட்ரோல் எஞ்சினில் பிஸ்டன் மேலேறி நிற்கும்போது ஒரு சிலிண்டரில் எஞ்சும் இடம் ஏறத்தாழ 33 சி.சி. மட்டுமே. டீசல் எஞ்சினில் 20 சி.சி. அளவே, இருமல் மருந்துப் புட்டியின் மூடியால் இரண்டு மூடி! அவ்வளவு நீர் உள்ளே இருக்கும்போது செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடக்கூடும். வளைந்த ராடோடு வண்டி சில நாள் ஓடவும் ஓடும். “டக் டக்” என்னும் ஓசை கேட்கும், இழுவை குறையும். பிறகொரு நாள் ராடு முறிந்து எஞ்சினின் பக்கச் சுவரையே உடைத்துக்கொண்டு வெளிவரும்.

ஆதலால் நின்ற வண்டியைத் தள்ளியோ கட்டி இழுத்தோ மேட்டுக்குக் கொண்டுவாருங்கள். சுரங்கப்பாதையில் நீர் ஏறிக்கொண்டிருந்தால் வண்டியை விட்டுவிட்டு முதலில் மக்கள் இறங்கி வெளியேற வேண்டும். மேட்டுக்கு வந்த பின் எண்ணெய்க் குச்சியை உருவிப் பாருங்கள். எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் நீர் கலந்துவிட்டது. அந்த எண்ணெயோடு ஒரு நிமிடமும் ஓட்டலாகாது. மெக்கானிக் பிளக்குகளைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் ஸ்பானர் கொண்டு சுற்றவேண்டும். துளைகள் வழியே நீர் வெளியேறும். சுற்ற மறுத்தால் வலிந்து சுற்றலாகாது.

ஒரு வாரம் கழித்து வெளிப்படுபவையும் உள. வேகத்தோடு கூடும் ஊளை ஓசை சக்கர பேரிங்கில் நீர் புகுந்ததன் அடையாளம். கியர்பெட்டி எண்ணெயையும் பார்க்கச் சொல்லுங்கள். சூடான பெட்டி குளிர்ந்த நீரில் மூழ்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி நீரை உறிஞ்சிக்கொள்ளும்.

இன்சூரன்ஸ் பற்றியும் சொல்லவேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் ஆயிரக்கணக்கான கார்கள் மூழ்கின. வெள்ளத்தால் நேரும் சேதத்தை முழுக் காப்பீடு ஏற்கும். ஆனால் நீரில் நின்ற வண்டியைக் கிளப்ப முயன்றதால் எஞ்சின் உடைந்தது என்றால், சாதாரணக் காப்பீட்டில் அதைப் பின்விளைவு என்று கூறி மறுப்பது வழக்கம். அதற்கென எஞ்சின் பாதுகாப்பு என்னும் கூடுதல் பிரிவு இருக்கிறது. வாடகை வண்டி ஓட்டுவோர் புதுப்பிக்கும்போது அது தங்கள் வண்டிக்குக் கிடைக்குமா என்று கேட்டறிவது நலம். வண்டி நீரில் நின்றால் நீர் ஏறிய மட்டம் தெரியும்படி அங்கேயே படம் எடுத்து, பட்டறையில் எதையும் பிரிப்பதற்கு முன்னரே நிறுவனத்துக்குத் தெரிவித்துவிடுங்கள்.