ராத்திரி இரண்டு மணிக்கு யாரிடம் பேசினான்?

குண்டடம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு விவசாயி எழுதியிருக்கிறார். நான்கு ஏக்கர் மக்காச்சோளமும் இரண்டு மாடும் வைத்திருப்பவர். மகன் திருப்பூர் ராயபுரத்தில் நண்பர்களோடு லைன் வீட்டில் தங்கி, பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை செய்கிறான். ஊருக்கு வந்திருந்தபோது அவன் செல்போனைத் தற்செயலாகப் பார்த்திருக்கிறார் தந்தை. ராத்திரி இரண்டு மணிக்கு 14416 என்ற எண்ணோடு நாற்பது நிமிடம் பேசியது தெரிந்தது. கடன் ஆப் விவகாரமோ என்று பயந்து கேட்டால், "செத்துப் போயிடலாம்னு தோணுச்சுங்கப்பா. அதான் போன் போட்டுப் பேசினேன்" என்றானாம்.

கடிதத்தில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. "பெத்த அப்பன் இருக்கும்போது ஊர் பேர் தெரியாதவங்ககிட்ட ஏன் சொல்லணும்? இதனால போலீஸ் கேசு வருமா? இனி அவனை எப்படிப் பார்த்துக்கறது?" பயிர்க் கேள்வி இல்லையே என்ற தயக்கமும் எழுத்தில் தெரிகிறது. தயங்கத் தேவையில்லை. இந்த இதழைப் படிக்கும் பல வீடுகளில் ஒரு பிள்ளையாவது திருப்பூரிலோ கோவையிலோ வேலையில் இருக்கிறது.

ஏன் அந்நியரிடம்?

மகன் செய்தது சரியான காரியம். உயிரோடு இருக்கிறான், கேட்டதும் உண்மையைச் சொல்லிவிட்டான். அப்பனை மதிக்காததால் அவன் வேறொருவரிடம் பேசவில்லை. பெரும்பாலும் காரணம் நேர் எதிரானது. போர் போட வாங்கிய கடன் இன்னும் முடியவில்லை என்பது பிள்ளைக்குத் தெரியும். இதையும் சொன்னால் அம்மா சாப்பிடமாட்டாள், அப்பா தூங்கமாட்டார் என்பதும் தெரியும். நெருங்கியவரிடம் சொன்னால் அவர் பாரத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். முகம் தெரியாதவரிடம் அந்தப் பயம் இல்லை. அவர் அழமாட்டார், திட்டமாட்டார், மறுநாள் ஊரில் சொல்லவும் மாட்டார். தாராபுரம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் வீட்டில் சொல்லாத கதையைச் சொல்பவர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

இதை முதலில் ஓர் ஏற்பாடாக ஆக்கியவர்களில் ஒருவர் லண்டனில் இருந்த சாட் வாரா என்ற பாதிரியார். 1953-ல் ஒரு தேவாலயத்தில் தொலைபேசி வைத்து, 'சாகத் துணியும் முன் கூப்பிடுங்கள்' என்று அறிவித்தார். கூட்டம் வந்தது. அவரைப் பார்க்கக் காத்திருந்தவர்களுக்கு டீ கொடுத்துப் பேச்சுத்துணையாக இருக்கச் சில தொண்டர்களை உட்கார வைத்தார். கொஞ்ச நாளில் ஒன்றைக் கவனித்தார். பலர் அந்தத் தொண்டர்களிடமே மனதைக் கொட்டிவிட்டு, பாதிரியாரைப் பார்க்காமலே தெளிவோடு திரும்பிப் போனார்கள். அடுத்த வருடமே கேட்கும் வேலையைத் தொண்டர்களிடம் ஒப்படைத்துவிட்டார். அறிவுரையைவிட, குறுக்கே பேசாமல் கேட்கிற காது பெரிது என்பதே அதில் கிடைத்த பாடம். அதுதான் 'சமாரிட்டன்ஸ்' அமைப்பு.

தமிழ்நாட்டில் அதே வழியில் 1986-ல் சென்னையில் 'சினேகா' தொடங்கியது. தொடங்கியவர் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார். அங்கே கேட்பவர்கள் பயிற்சி பெற்ற தொண்டர்கள். காசு கிடையாது. சொன்னது வெளியே போகாது.

அந்தத் தந்தை பார்த்த 14416 எண் 'டெலிமானஸ்' என்ற அரசுச் சேவை. 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று மத்திய அரசு தொடங்கியது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை வழிகாட்டுகிறது. இரவு பகல் எந்நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். மக்காச்சோளத்தில் படைப்புழு வந்தால் 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டருக்கு விவசாயிகள் கூப்பிடுகிறார்கள். அங்கே எடுப்பவரும் முகம் தெரியாதவர்தான். அதில் யாருக்கும் வெட்கம் இல்லை. இதிலும் வேண்டாம்.

எல்லா அந்நியரும் ஒன்றல்ல

இளையவர்கள் இப்போது செல்போனில் முன்பின் தெரியாதவர்களிடமும் 'வாழப் பிடிக்கவில்லை' என்று எழுதுகிறார்கள். அங்கே நல்லவர்களும் இருப்பார்கள். கேலி செய்பவர், பணம் பறிப்பவர், தூண்டிவிடுபவரும் இருப்பார்கள். பணம் கேட்டாலோ, 'வீட்டில் சொல்லாதே' என்றாலோ, சாவதைப் பற்றியே பேச்சை இழுத்தாலோ அந்தத் தொடர்பை உடனே அறுக்க வேண்டும். நல்லவராக இருந்தாலும் அவரோடு பேச்சு நின்றுவிடக் கூடாது. பயிற்சி பெற்றவரிடமோ மருத்துவரிடமோ போய்ச் சேர வேண்டும்.

அப்படி ஒரு செய்தி நமக்கே வந்தால், விளையாட்டு என்று தள்ளாமல் நிஜம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். உடனே பதில் போட்டு, எங்கே இருக்கிறார், பக்கத்தில் யார் இருக்கிறார் என்று கேட்க வேண்டும். முடிந்தால் குரலில் பேசவேண்டும். 14416 எண்ணைக் கொடுக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் 108-ஐக் கூப்பிட்டு இடத்தைச் சொல்ல வேண்டும்.

போலீஸ் கேசு வருமா?

வராது. மனதில் தோன்றியதை ஒருவரிடம் சொல்வது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை. முயற்சி செய்து பிழைத்தவர்களுக்கும் இன்று பழைய நிலைமை இல்லை. இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு முன்பு அதைக் குற்றம் என்றது. மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 115-வது பிரிவின்படி, அப்படிப்பட்டவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுப்பது அரசின் கடமை. 2024 ஜூலை 1-ல் வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் அந்த 309 இடம்பெறவில்லை. 'கேசாகிவிடும்' என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் இருப்பதுதான் ஆபத்து.

இனி எப்படிப் பார்த்துக்கொள்வது?

மதியம் வாடும் செடி சாயங்காலம் நிமிர்ந்துவிடும். வெயிலின் வாட்டம் அது. விடிகாலையிலேயே வாடி நின்றால்தான் விவசாயி வேரைத் தோண்டிப் பார்க்கிறார். பிள்ளைகளிடமும் இந்த வித்தியாசத்தைப் பார்க்கலாம். ஆர்டர் குறைந்து ஷிப்ட் குறைந்தால், சம்பளம் பிடித்தால் யாருக்கும் இரண்டு நாள் மனம் வாடும். ஆனால் தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டுப்போவது, குடி அதிகமாவது, 'நான் எல்லோருக்கும் பாரம்' என்ற பேச்சு, திடீரென்று பொருட்களைப் பிறருக்குக் கொடுப்பது, விடைபெறுவதுபோலப் பேசுவது இவையெல்லாம் காலை வாட்டம்.

அப்போது நேராகவே கேட்கலாம்: "சாகணும்னு தோணுதா சாமி?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்று ஆறுதல்தான் வரும். 'ஆமாம்' என்றால் திட்டாமல், சத்தியம் வாங்காமல், 'எங்களை நினைச்சுப் பார்த்தியா' என்று குற்றம் சொல்லாமல் முழுதாகக் கேட்க வேண்டும். தனியே விடக் கூடாது. ராயபுரத்தில் கூட இருக்கும் நண்பர்களில் ஒருவருக்காவது, மகன் சம்மதத்தோடு, விஷயம் தெரிந்திருக்க வேண்டும். காலை எட்டரைக்கு உள்ளே போய் இரவு எட்டரைக்கு வெளியே வருகிற ஒன்றரை ஷிப்ட் வாழ்க்கையில், தூங்கினானா என்று பார்ப்பவர் பக்கத்துப் பாயில் படுப்பவர்தான். திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரை ஒருமுறை பார்ப்பதும் நல்லது. முதல் தடவை தந்தையும் கூடவே போகலாம்.

தோட்டத்து வீட்டில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பூச்சி மருந்தைப் பெட்டியில் பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுக்க வேண்டும். தெளிப்புக்குத் தேவையான அளவு மட்டும் வாங்கி, மீதி வைக்காமல் இருந்தால் இன்னும் நல்லது. சாகும் எண்ணம் உச்சத்தில் இருக்கும் நேரம் பெரும்பாலும் குறைவு. அந்த நேரத்தில் மருந்து கைக்கு எட்டாவிட்டால் பலர் பிழைத்துவிடுகிறார்கள். காட்டுமன்னார்கோவில் பகுதிக் கிராமங்களில் எல்லோருடைய மருந்தையும் பொது இடத்தில் பூட்டி வைத்துப் பார்த்தார்கள். பலன் இருந்ததாக 2013-ல் ஆய்வு வெளியானது. அதைச் செய்தவர்களில் சினேகாவின் லட்சுமி விஜயகுமாரும் ஒருவர். இலங்கையில் கொடிய மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்த பிறகு, 1995-க்கும் 2015-க்கும் இடையே தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. விளைச்சல் குறையவில்லை.

கடைசியாக, அந்தத் தந்தைக்கு ஒரு வேலை. திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம். அன்று இரவு ஊரிலிருந்து போகும் போன் பெரும்பாலும் 'எவ்வளவு வந்துச்சு, எப்ப அனுப்பற?' என்றுதான் தொடங்கும். இனி 'சாப்பிட்டியா, நேத்து தூங்கினியா?' என்று தொடங்கட்டும். பணப் பேச்சை ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாம். 'என்கிட்ட ஏன் சொல்லலை' என்ற கேள்வியை மட்டும் கேட்க வேண்டாம். 'நீ போன் பண்ணிப் பேசினது நல்ல வேலை சாமி, இனி எந்த ராத்திரியா இருந்தாலும் என்னையும் எழுப்பு' என்று ஒரு தடவை சொன்னால் போதும்.

வீட்டுச் சுவரில் எழுதி வைக்க

டெலிமானஸ் மனநலச் சேவை: 14416
தமிழ்நாடு அரசு மருத்துவ ஆலோசனை: 104
சினேகா, சென்னை: 044-24640050
ஆம்புலன்ஸ்: 108