அடைவு வைத்த முள்முடி

2019 ஏப்ரல் 15ஆம் திகதி பாரிஸ் நோத்ரதாம் பேராலயம் எரிந்த காட்சியை எங்களில் கனபேர் போனில பார்த்திருப்பம். கூரை எரிஞ்சு விழுந்த அந்த இரவில் உள்ளேயிருந்து பத்திரமாக வெளியே எடுக்கப்பட்ட பொருட்களில் ஒன்று, ஒரு முள்முடி. இயேசுவின் தலையில் வைக்கப்பட்டது என்று கத்தோலிக்கர்கள் நூற்றாண்டுகளாகப் போற்றி வருகிற முடி.

அது பாரிசுக்கு எப்படி வந்தது என்று கம்பஸில ஒரு அசைன்மென்டுக்காக வாசிக்கும்போதுதான் எனக்குத் தெரிய வந்தது. 1238இல் கொன்ஸ்தாந்திநோபிளில் இருந்த ஆட்சியாளர்கள் கையில் காசில்லாமல், அந்த முடியை வெனிஸ் வியாபாரிகளிடம் அடைவு வைத்தார்கள். மீட்க முடியவில்லை. பிரான்ஸ் அரசர் ஒன்பதாம் லூயி கடனைக் கட்டி அதை எடுத்தார். 1239இல் முடி பிரான்சுக்கு வந்தது. அதை வைக்கவென்றே பாரிசில் ஒரு தேவாலயமும் கட்டினார்.

எங்கட வீடுகளில் தாலிக்கொடி அடைவுக்குப் போறது ஒன்றும் புதினமில்லை. ஆனா அந்தக் காலத்து ஐரோப்பாவில் இதைவிடப் புனிதமான பொருள் வேறில்லை என்று சொல்லலாம். அது எப்படி அடைவுக்குப் போனது?

ஸ்கூலில் மத்தியகால ஐரோப்பா என்றால் போர்டில் ஒரு முக்கோணம் கீறுவார்கள். உச்சியில் அரசர், கீழே பிரபுக்கள், அதற்குக் கீழே குதிரைவீரர், அடியில் பண்ணையடிமைகள். பிறகு நோட்ஸில் மூன்று தலைப்பு தனித்தனியாக வரும்: திருச்சபையின் செல்வாக்கு, சிலுவைப் போர்கள், வர்த்தக வளர்ச்சி. மூன்றையும் பாடமாக்கி எழுதிவிட்டு வந்தால் மார்க்ஸ் கிடைக்கும். என்ர வாதம் இதுதான்: இந்த மூன்றையும் பிரித்துப் படிக்கிற வரைக்கும் மானிய முறைச் சமூகம் விளங்காது. மூன்றையும் சேர்த்துக் கட்டிய கயிறு ஒன்று இருக்கு. அது கடன்.

மானிய முறையில் செல்வம் என்றால் நிலமும் அதில் வேலை செய்கிற ஆக்களும்தான். ஒரு பிரபுவிடம் பத்துக் கிராமம் இருக்கும், பெட்டியில் காசு இருக்காது. பக்கத்துப் பிரபுவோடு சண்டை பிடிக்க அது பெரிய பிரச்சினை இல்லை, அவருக்குக் கீழே உள்ள வீரர்கள் கடமைக்கு வருவார்கள். ஆனா 1095இல் பாப்பரசர் இரண்டாம் ஊர்பான் கிளெர்மோன்ட் நகரில் நின்று ஜெருசலேமுக்குப் போகச் சொன்னபோது கணக்கே மாறிவிட்டது. ஆயிரக்கணக்கான மைல் போக வெள்ளிக் காசு வேணும்.

அடுத்த வருடமே, 1096இல், நோர்மண்டிப் பிரபு ரொபேட் தன்ர முழு நாட்டையும் தம்பியிடம் ஈடு வைத்து 10,000 மார்க் வெள்ளி வாங்கிக்கொண்டு சிலுவைப் போருக்குப் போனார். தம்பி வேறு யாருமில்லை, இங்கிலாந்து அரசர் இரண்டாம் வில்லியம். அவர் அந்தக் காசை எங்கே எடுத்தார்? இங்கிலாந்து முழுக்க நிலவரி போட்டு எடுத்தார். ஜெருசலேம் எந்தத் திசையில் என்றே தெரியாத ஒரு இங்கிலாந்துக் குடியானவனும் அதற்குக் காசு கட்டியிருக்கிறான்.

1187இல் ஜெருசலேம் சலாதீனிடம் வீழ்ந்ததும் அடுத்த வருடம் இங்கிலாந்திலும் பிரான்சிலும் வருமானத்திலும் அசையும் சொத்திலும் பத்தில் ஒரு பங்கு வரி வந்தது. சிலுவைப் போருக்குப் போகிறேன் என்று சத்தியம் செய்தவருக்கு அந்த வரி இல்லை. அதாவது, குதிரையும் கவசமும் உள்ளவருக்கு விலக்கு, வீட்டில் நிற்கிறவருக்கு வரி.

முள்முடியின் கதை தொடங்குவது நான்காம் சிலுவைப் போரில். 1201இல் பிரெஞ்சுப் பிரபுக்களின் தூதர்கள் வெனிசுக்குப் போய் ஒப்பந்தம் எழுதினார்கள். 4,500 குதிரைவீரர், 9,000 உதவியாளர், 20,000 காலாட்படையினர், 4,500 குதிரைகள். இவ்வளவையும் கப்பலில் ஏற்ற 85,000 மார்க். வெனிஸ் தன்ர வழமையான வியாபாரத்தை ஒதுக்கிவிட்டுக் கப்பல் கட்டியது. 1202இல் வந்து சேர்ந்தது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆட்கள்தான். இருந்ததையெல்லாம் போட்டும் 34,000 மார்க் குறைந்தது.

அப்போது வெனிசின் தலைவர், பார்வையிழந்த முதியவர் என்ரிக்கோ டண்டோலோ, ஒரு வழி சொன்னார். வெனிசை எதிர்த்து நிற்கிற சாரா நகரத்தைப் பிடிக்க உதவி செய்யுங்கள், கடனைப் பிறகு பார்க்கலாம். சாரா இன்றைய குரோவேசியாவில் இருக்கிற ஒரு துறைமுகம். அங்கே இருந்ததும் கத்தோலிக்கர்களே. பாப்பரசர் மூன்றாம் இன்னசென்ட் கிறிஸ்தவர்களைத் தாக்கக் கூடாது என்று ஏற்கனவே தடை போட்டிருந்தார். நகரத்து மக்கள் மதிலில் சிலுவைகளைத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். 1202 நவம்பரில் சாரா வீழ்ந்தது.

கடன் தீரவில்லை. பிறகு கொன்ஸ்தாந்திநோபிளின் அரியணையை இழந்த பேரரசரின் மகன் அலெக்சியஸ் வந்தான். என்னை ஆட்சியில் வையுங்கள், 200,000 மார்க் தாறன் என்றான். 1203இல் வைத்தார்கள். அவனால் அவ்வளவு காசைக் கட்ட முடியவில்லை, கடைசியில் சொந்த நகரத்திலேயே கொல்லப்பட்டான். 1204 ஏப்ரலில் சிலுவைப் படை கொன்ஸ்தாந்திநோபிளுக்குள் புகுந்து மூன்று நாள் சூறையாடியது. ஜெருசலேமை மீட்கப் புறப்பட்டவர்கள் கிழக்கின் மிகப் பெரிய கிறிஸ்தவ நகரத்தைக் கொள்ளையடித்தார்கள்.

இதைக் கேட்ட என்ர கூட்டாளி ஒருத்தன், "பார்த்தியா, எல்லாம் காசுக்குத்தான். மதம் சும்மா ஒரு சாட்டு" என்றான். எனக்கு இது சரியாகப் படவில்லை. காசுதான் குறி என்றால், கையிலிருக்கிற நிலத்தை ஈடு வைத்துவிட்டு உயிரோடு திரும்புவோமோ என்று தெரியாத பயணத்துக்குப் போறது படுமோசமான வியாபாரம். நம்பிக்கை உண்மையானதுதான். சாராவில் சீமோன் த மொன்ட்ஃபோர்ட் என்ற பிரபு, கிறிஸ்தவ நகரத்தைத் தாக்கமாட்டேன் என்று மறுத்து, படையை விட்டே விலகினார்.

ஆனா அதே சீமோன், 1209இல் தென் பிரான்சில், திருச்சபைக்கு எதிரானவர்கள் என்று சொல்லப்பட்ட கதார்களுக்கு எதிரான சிலுவைப் போரின் தலைவரானார். அங்கே பிடித்த நிலங்களுக்கும் அவரே பிரபுவானார். அவரிடம் பக்தி எங்கே முடிகிறது, நிலம் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்கப் பார்த்தால் முடியாது. அவருக்கே அது தெரிந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

இன்னொரு விசயம். வர்த்தகம் வளர்ந்தது, மானிய முறை தேய்ந்தது என்று ஒரு வரியில் படிக்கிறோம். நீண்ட காலத்தில் அதில் உண்மை இருக்கு. ஆனா 1204க்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். பிளாண்டர்ஸ் பிரபு போல்ட்வின் பேரரசரானார். கிரேக்க நிலங்களைப் பிரெஞ்சு, இத்தாலியக் குதிரைவீரர்கள் மானியமாகப் பங்கு போட்டார்கள். எங்கட போர்டில் கீறின அதே முக்கோணத்தைக் கப்பலில் ஏற்றிக்கொண்டுபோய் கிரேக்கத்தில் இறக்கின மாதிரி. பேரரசில் எட்டில் மூன்று பங்கு வெனிசுக்கு என்று எழுதினார்கள். வியாபாரிகளின் நகரமான வெனிசும் கிரீட் தீவைப் பிடித்த பிறகு, படைச் சேவைக்குப் பதிலாகத் தன்ர ஆட்களுக்கு அங்கே நிலம் கொடுத்தது. மானிய முறையை உடைத்த காசே, இன்னொரு இடத்தில் அதை நட்டும் இருக்கு.

அந்தப் புதிய பேரரசுதான் 34 வருடத்தில் முள்முடியை அடைவு வைத்தது. போருக்கு எடுத்த கடனில் பிறந்த ஆட்சி, கடனிலேயே கிடந்து 1261இல் முடிந்தது.

இதை ஏன் இவ்வளவு நீளமாக எழுதுறன்? நாங்கள் போரைப் பற்றிய கதைகளைக் கேட்டு வளர்ந்த ஆக்கள். எந்தப் போரைப் பற்றியும் எங்களுக்கு ஒரு சொல்லில் பதில் சொல்லுவார்கள்: மதம், அல்லது நிலம், அல்லது காசு. ஒரு சொல்லில் பதில் கிடைத்ததும் கேள்வி கேட்கிறதை நிறுத்திவிடுவோம். நான்காம் சிலுவைப் போர் எனக்குச் சொல்லித் தந்தது, மூன்றையும் ஒரே கணக்குப் புத்தகத்தில் வைத்துப் பார்க்க வேணும் என்று. யார் கூப்பிட்டது, யார் கடன் கொடுத்தது, யாருக்கு நிலம் போனது, கடைசியில் யார் கட்டினது.

கடைசிக் கேள்விக்குத்தான் நோட்ஸில் இடமே இல்லை. டண்டோலோவின் பெயர் இருக்கு, போல்ட்வினின் பெயர் இருக்கு. வரி கட்டின குடியானவனின் பெயரோ, மதிலில் சிலுவையைத் தொங்கவிட்ட சாரா நகரத்துப் பெண்ணின் பெயரோ எங்கேயும் இல்லை. அடுத்த முறை யாராவது போர்டில் அந்த முக்கோணத்தைக் கீறினால், அடியில் இருக்கிற அந்த அகலமான கோட்டைப் பற்றி ஒரு கேள்வியாவது கேளுங்கள்.