மலை எங்கே இருக்கு?

'இயற்கைக் காட்சி வரைக' என்றால் நாம் என்ன வரைகிறோம்? இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓர் ஆறு, ஒரு குடிசை. கேட்டால் "சாயங்காலக் காட்சி" என்போம்.

தஞ்சாவூரில் எங்கப்பா மலை இருக்கு? ஊருக்கு வெளியே ஏதாவது மதகில் நின்று பாருங்கள். கண்ணுக்கு எட்டின மட்டும் சமவெளி. காவிரி கொண்டுவந்து சேர்த்த வண்டல். நம்மிடம் உள்ள ஒரே மலை, ராஜராஜன் 1010-ல் கட்டி முடித்த பெரிய கோயில் விமானம்தான். அதற்குப் பெயரே 'தட்சிணமேரு'!

"மலை இல்லாவிட்டால் படத்தில் அழகு ஏது?" என்று சிலர் கேட்கலாம். ஜான் கான்ஸ்டபிள் (1776–1837) என்ற ஆங்கில ஓவியர் 1806-ல் மலைநாட்டுக்கும் போய் வரைந்தார். ஆனால் அவருக்குப் புகழ் தந்தவை சொந்த ஊர் ஆறும், அப்பாவின் மாவு மில்லும், வயல்களும்தான். அதே காலத்து ஓவியர்களான தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் 1792-ல் தென்னாட்டுப் பயணம் புறப்பட்டார்கள். அவர்கள் வரைந்த நம் பெரிய கோயில் படம் 1798-ல் லண்டனில் அச்சானது. கடல் கடந்து வந்தவர்கள் பார்த்ததை, இங்கேயே பிறந்த நாம் பார்க்க வேண்டாமா?

அந்தக் கால ஓவியர்கள் பலர் மையில் தண்ணீர் கலந்து தாளில் பூசி வரைந்தார்கள். நாமும் செய்யலாம், செலவே இல்லை! தண்ணீர் கூடக்கூட மை வெளுக்கும். தூரத்துத் தோப்புக்கு வெளிர் மை, பக்கத்து வரப்புக்குக் கெட்டி மை. வெளிச்சம் வேண்டிய இடத்தில் தாளை அப்படியே விட்டுவிட வேண்டும். நம் சாயங்காலத்துக்கு இது ரொம்பப் பொருத்தம். நடவு முடிந்த வயலில் தண்ணீர் நிற்கும்போது, சூரியன் மறைந்த பிறகும் வானத்து வெளிச்சம் கொஞ்ச நேரம் வயலில் கிடக்கும். பனைமரம் கருத்துப்போகும்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன்? சாலையோர வயல்களில் கல் நட்டு, கலர் கொடி கட்டி மனை போடுகிறார்கள். வரைய வேண்டுமென்றால் உற்றுப் பார்க்க வேண்டும். உற்றுப் பார்க்காத வயல் நாளை இல்லாமல் போனால், என்ன போச்சு என்றுகூட நமக்குத் தெரியாது.

எனவே, அடுத்த ஓவிய வகுப்பில் மலைக்கு லீவு விடுவோம்! உங்கள் ஊர் மதகை, களத்தை, பம்புசெட்டை வரையுங்கள். கோணலாக வந்தாலும் பரவாயில்லை. பார்த்தவுடன் "அட, இது நம்ம ஊரு!" என்று சொல்லும்படி இருக்கட்டும்.

– 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு