முதல் கைட் வாங்கப் போகும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளை இருந்தால் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

போன வருடம் எங்களிடம் படித்த ஒரு மாணவன் இடைவேளையில் ஆசிரியர் அறைக்கு வந்து, "சேர், கைட் ஒண்டு வாங்கப் போறேன், எத்தன மீற்றர் வாங்கினா நல்லம்?" என்று கேட்டான். சாதாரண தரப் பரீட்சைக்கு இருந்தது சில மாதங்கள்தான். நாங்கள் என்ன சொன்னோம்? "போய்ப் படிக்கிற வேலையப் பாரு" என்றோம். அவன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

அதே கேள்வியை அவன் வேறு இடத்தில் கேட்டிருக்கிறான். ஊருக்குத் திரும்பும் அவசரத்தில் இருந்த ஒரு வெளிநாட்டவரிடம் 9 சதுர மீற்றர் பழைய கைட் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கினான். ஜூலை மாதம், அசர் தொழுதுவிட்டு நண்பன் ஒருவனோடு கடற்கரைக்குப் போய் அதை எழுப்பினான். எழும்பிய வேகத்தில் அவனைத் தூக்கி, மணலில் இழுத்துக்கொண்டு போய், கரையேற்றி வைத்திருந்த படகின் மேல் அடித்தது. வலது தோள்பட்டை எலும்பு முறிந்தது. அல்ஹம்துலில்லாஹ், தலை தப்பியது. பரீட்சையை அந்தக் கையோடுதான் எழுதினான்.

பிழை அவனுடையது மட்டுமல்ல. கேட்டு வந்த பிள்ளைக்கு நாங்கள் பதில் சொல்லவில்லை. இந்தப் பதிவு அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்.

கற்பிட்டி, கண்டக்குழி, ஆலங்குடாப் பக்கம் கைட் சேர்பிங் என்பது இனிப் போகாது. மே முதல் ஒக்டோபர் வரை தென்மேற்குக் காற்று. டிசம்பர் முதல் மார்ச் வரை வாடை. இந்தக் காற்றுக்காகவே உலகத்தின் மறுமுனையிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். நம்முடைய பிள்ளைகள் அவர்களுடைய கைட்டைத் தூக்கிக் கொடுக்கிறார்கள், கயிறு சுற்றுகிறார்கள், சிலர் பயிற்றுநராகவும் ஆகியிருக்கிறார்கள். இவ்வளவையும் தினமும் பார்க்கும் பிள்ளையிடம் "அந்தப் பக்கம் போகாதே" என்று சொல்லி முடிக்க முடியாது. நாம் தடுத்தால் நமக்குத் தெரியாமல் பறக்க விடுவான். ஆகவே எங்கள் கருத்து இதுதான்: தடுக்க வேண்டாம், முதல் கைட்டை நாமே பார்த்து வாங்கிக் கொடுப்போம். அது சிறியதாக இருக்கட்டும்.

ஏன் சிறியது? பத்தாம் வகுப்பு விஞ்ஞானம் போதும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுவை இரண்டு மடங்காகாது, நான்கு மடங்காகும். மணிக்கு 18 கிலோமீற்றர் காற்றில் ஒரு சதுர மீற்றர் துணியில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ விசை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே துணியில் மணிக்கு 36 கிலோமீற்றர் காற்று அடித்தால் ஆறு கிலோ. 9 சதுர மீற்றர் கைட்டுக்கு 54 கிலோ. அது பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் முழு எடை. இதுவும் கைட் ஒரே இடத்தில் நிற்கும்போதுதான். பக்கவாட்டில் பாயத் தொடங்கினால் அது தானே தனக்குக் காற்றை உண்டாக்கிக்கொள்கிறது, இழுவை பல மடங்காகிறது. நம் மாணவனைத் தூக்கியது அந்தப் பாய்ச்சல்தான்.

2 சதுர மீற்றர் கைட் மணிக்கு 18 கிலோமீற்றர் காற்றில் நின்றால் மூன்று கிலோ, பாய்ந்தால் ஒரு வாளித் தண்ணீரின் பாரம். கை இழுபடும், கால் மணலில் புதையும், பிள்ளை சிரிக்கும். பிழை விட்டால் மணலில் இருந்துவிடுவான். முதல் கைட்டுக்கு அந்த அளவு இழுவை போதும்.

இப்போது எதை வாங்குவது என்று பார்ப்போம்.

கடலில் நாம் பார்க்கும் பெரிய கைட்டுகளின் முன்விளிம்பில் காற்றடித்த குழாய் இருக்கும். தண்ணீரில் விழுந்தாலும் மிதந்து திரும்ப எழும்ப வேண்டும் என்பதற்காக பிரான்ஸ் நாட்டு லெகென்யூ சகோதரர்கள் 1984இல் காப்புரிமை எடுத்த அமைப்பு அது. தண்ணீருக்கு நல்லது. ஆனால் முதல் கைட்டாக வாங்கும் பொருள் அதுவல்ல. இன்னொரு வகை, குழாய் இல்லாமல் வெறும் துணி அறைகளால் ஆனது. முன்பக்கத் திறப்புகளால் காற்று உள்ளே புகுந்து தலையணை மாதிரி உப்பிக்கொள்ளும். இதை ஃபொயில் என்கிறார்கள். கம்பு இல்லை, குழாய் இல்லை, மடித்தால் பாடசாலைப் பைக்குள் அடங்கும். தலையில் விழுந்தாலும் துணிதான் விழும். முதல் கைட் இந்த வகையாக இருக்க வேண்டும்.

அளவு: 12 முதல் 15 வயதுப் பிள்ளைக்கு ஒன்றரை சதுர மீற்றர். அதற்கு மேற்பட்ட இளைஞர்களுக்கு 2, மிஞ்சினால் 3. அதற்கு மேல் வேண்டாம்.

கயிறு: இரண்டு கயிறு வகையும் உண்டு, மூன்று கயிறு வகையும் உண்டு. பொழுதுபோக்குக்கு மட்டும் என்றால் இரண்டு கயிறு போதும். வலது கையை இழுத்தால் வலப்பக்கம் திரும்பும், இடது கையை இழுத்தால் இடப்பக்கம். பிறகு கடலில் இறங்கும் எண்ணம் இருந்தால் தடியோடு வரும் மூன்று கயிறு வகையை வாங்குங்கள். மூன்றாவது கயிறு மணிக்கட்டில் மாட்டியிருக்கும். தடியைக் கைவிட்ட உடனே கைட் காற்றிழந்து கீழே விழும், பறந்தும் போகாது. நான்கு கயிற்றுக் கைட்டை ஆறு மாதம் கழித்து யோசிக்கலாம்.

கயிறு அறுந்தால் நம் பிள்ளைகள் முதலில் கை வைப்பது வாப்பாவின் தங்கூசியில். அது கூடவே கூடாது. தங்கூசி இழுபட்டு நீளும். ஒரு பக்கம் நீண்டால் கைட் ஒரே பக்கம் சுற்றிக்கொண்டே வந்து நிலத்தில் குத்தும். கைட்டோடு வரும் டைனீமா கயிறு நீளாது, வழுக்கும் தன்மை உள்ளது, இரண்டு மூன்று முறை முறுக்கிக்கொண்டாலும் வேலை செய்யும். ஆனால் இழுபட்டு நிற்கும்போது அது கத்தி. கையில் சுற்றக் கூடாது, தொடவும் கூடாது.

பழையது வாங்குவதானால் கயிறுகளின் ஒரு முனையை ஒரே கம்பத்தில் கட்டி, மறுமுனைகளைச் சேர்த்து இழுத்துப் பாருங்கள், நீளம் சமனாக இருக்க வேண்டும். துணியை வெயிலில் பிடித்து ஓட்டை பாருங்கள். துணிக்கும் கயிற்றுக்கும் இடையிலுள்ள சின்ன நூல்களில் பிசிர் இருக்கிறதா பாருங்கள். குழாய் வைத்த பெரிய கைட் எவ்வளவு மலிவாக வந்தாலும் முதல் கைட்டாக வேண்டாம். குறிப்பாக 2005க்கு முந்திய பழைய அமைப்புகளில் இழுவையை முழுதாகக் குறைக்கும் வழி கிடையாது. அவற்றை இங்கே விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

இனி நேரம். நம் பிள்ளைகளுக்கு ஓய்வு கிடைப்பது அசருக்குப் பிறகு. கச்சான் மாதங்களில் காற்று மிகப் பலமாக இருப்பதும் அந்த நேரம்தான். பழகுகிறவர்கள் விடுமுறை நாட்களில் சுபஹ் தொழுதுவிட்டுக் காலையில் போகட்டும். கடலில் வெள்ளை நுரை தெரியத் தொடங்கினால் முதல் கைட்டைச் சுருட்டிவிட வேண்டும்.

இடம்: கைட் போகும் பக்கம் நூறு மீற்றருக்காவது ஆளில்லாத வெறும் மணல் வேண்டும். தென்னை, படகு, கருவாடு காயும் இடம், கரைவலை இழுப்பவர்கள் இருக்கும் இடம், எதுவும் கிட்ட இருக்கக் கூடாது. அது அவர்களுடைய தொழில் நிலம், நம்முடைய விளையாட்டுக்காக அவர்கள் ஒதுங்கத் தேவையில்லை. மின்கம்பி கண்ணில் பட்டாலே அந்த இடம் சரியில்லை. நுரைச்சோலையிலிருந்து போகும் உயர் அழுத்தக் கம்பிகளின் கீழ் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை, ஆனால் ஞாபகப்படுத்தத் தேவை. தலைக்கவசமும் சப்பாத்தும் கட்டாயம். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் என்றாலும் பரவாயில்லை.

எல்லாவற்றையும் விட முக்கியமான பாடம் ஒன்று இருக்கிறது. சின்ன வயதில் கடதாசிப் பட்டம் விட்டபோது நமக்கு இருந்த பெருமை, கயிற்றை விடாமல் பிடித்திருப்பது. பவர் கைட்டில் அந்தப் பழக்கம்தான் ஆளைக் கெடுக்கும். 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பக்கம் ஓர் இளைஞர் பெரிய பட்டத்தின் கயிற்றோடு மேலே போன வீடியோவை நாம் எல்லோரும் போனில் பார்த்தோம். கூட இருந்தவர்கள் விட்டுவிட்டார்கள், அவர் விடவில்லை. உயிர் தப்பியது இறைவன் கிருபை. நம் மாணவனும் அதையேதான் சொன்னான்: "உடணும்ண்டு நெனப்பே வரல்ல சேர்."

ஆகவே முதல் நாள் கைட்டைப் பறக்க விடப் படிப்பிக்காதீர்கள், கையை விடப் படிப்பியுங்கள். பத்து முறை எழுப்பி, பத்து முறையும் "விடு" என்றதும் விட வேண்டும். அது கைக்குப் பழகிய பிறகு மற்றதைப் பார்க்கலாம்.

இரண்டு மறுப்புகள் வரும் என்று தெரியும்.

ஒன்று: "சின்னது ரெண்டு மாசத்துல பழகிப் போயிரும், பொறவு வீண் செலவுதானே?" வீணில்லை. புதிய பெரிய கைட் ஆயிரம் டொலரைத் தாண்டும். சிறிய பயிற்சிக் கைட் அதில் பத்தில் ஒரு பங்கு அளவில் தொடங்குகிறது. பிள்ளை பெரியதுக்குப் போன பிறகும் தம்பி, தங்கை, பக்கத்து வீட்டுப் பிள்ளை எல்லோரும் அதில் பழகலாம். அந்தத் தொகையும் இன்றைய நிலையில் பாரம் என்றால் நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒன்று வாங்குங்கள். ஒரு பிள்ளை பறக்க விடும்போது மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நிற்பதும் பாடம்தான். தனியாகப் போய் விபத்துப் படுவதும் குறையும்.

இரண்டு: "இது வெள்ளைக்காரர்ட விளையாட்டு, நமக்கு எதுக்கு? வாத்தியார்மாருக்கு வேற வேலை இல்லையா?" இதற்கு ஒரு தகவல். 1826இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், பட்டங்கள் இழுத்து ஓடும் குதிரையில்லா வண்டிக்கு ஜோர்ஜ் போகொக் என்பவர் காப்புரிமை பெற்றார். அவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். தன் மகள் மார்த்தாவை நாற்காலியில் இருத்திப் பட்டத்தால் உயரத் தூக்கியும் பார்த்தார். (அதை யாரும் செய்து பார்க்க வேண்டாம்!) அந்த மார்த்தாவின் மகன்தான் கிரிக்கெட்டில் பெயர் பெற்ற டபிள்யூ. ஜி. கிரேஸ். அந்தக் கிரிக்கெட்டை நமதாக்கிக்கொண்ட நாம் காற்றை அந்நியம் என்று சொல்லலாமா? அது நம் வீட்டு வாசலில்தான் அடிக்கிறது.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தரையில் நின்று சிறிய கைட் விடுவதற்குத் தண்ணீரில் இறங்கத் தேவையில்லை, உடை மாற்றத் தேவையில்லை. பர்தாவின் நுனி கயிற்றில் சிக்காமல் உள்ளே செருகிக்கொண்டால் போதும். காலையில் உம்மா, ராத்தாவோடு குடும்பமாக வந்து விடலாம். விசை, திசை, காற்றழுத்தம் என்று கரும்பலகையில் நாங்கள் எழுதிக் களைக்கும் பாடம் அவர்களுடைய கைக்கே விளங்கும்.

இன்ஷா அல்லாஹ், வரும் விடுமுறையில் பாடசாலைப் பழைய மாணவர்களோடு பேசி, 2 சதுர மீற்றர் ஃபொயில் ஒன்றும் இரண்டு தலைக்கவசமும் பொதுவாக வாங்கலாம் என்று யோசிக்கிறோம். கைட் தொழிலில் இருக்கும் நம்மூர்த் தம்பிமார் கிழமைக்கு ஒரு காலை ஒதுக்கினால் பெரிய உதவி. அந்த மாணவனும் கை சுகமாகி வந்திருக்கிறான். "விடு" என்று சத்தம் போடும் வேலையைத் தானே செய்கிறேன் என்கிறான். அவனை விடப் பொருத்தமான ஆள் இல்லை.

உங்கள் பிள்ளை இன்றைக்கு வந்து, "வாப்பா, எந்த கைட் வாங்கலாம்?" என்று கேட்டால் எங்களைப் போல விரட்டிவிடாதீர்கள். உட்கார வைத்துப் பேசுங்கள்.

கருத்துகளைக் கீழே எழுதுங்கள். தெரிந்தவர்கள் எங்கள் பிழையையும் திருத்துங்கள். பிள்ளை உள்ள வீடுகளுக்குப் பகிர்ந்துவிடுங்கள்.

வஸ்ஸலாம்.