பழைய விளையாட்டுக் கார் வாங்குவோர்க்கு

எம்மிடம் தமிழ் கற்று இன்று இங்கிலாந்தில் வாழும் பழைய மாணவர் ஒருவர், வார இறுதியில் ஓட்டி மகிழ்தற்கென முந்நூறு பரிவலுவுடைய பழைய விளையாட்டுக் கார் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார். சென்ற கோடையில் அவர் வீட்டில் நாம் விருந்தாய்த் தங்கியிருந்தமையால், எம் கருத்தையும் கேட்டார். தமிழாசிரியனுக்குக் காரைப்பற்றி என்ன தெரியும் என அன்பர்கள் நகைக்கலாம். நகைக்க, எனினும் சொல்வோம்.

ஓட்டும் இன்பம் நாடுவோர் பரிவலுவைப் பாராது, பாரத்தையும் கறளையும் பார்த்தல் வேண்டும் என்பதே எம் கருத்து. அந்நாட்டு நாட்டுப்புறச் சாலைகளில் மணிக்கு 60 மைலே பெரும்பாலும் உச்ச வேகம். முந்நூறு பரிவலு அவ்வெல்லையைச் சில விநாடிகளில் எட்டிவிடும். அப்பால் ஓட்டுநர்க்கு எஞ்சுவது அடக்கிப் பிடிக்கும் வேலையே. 1989ஆம் ஆண்டில் வெளிவந்த மஸ்டா எம்.எக்ஸ்.-5 காரின் இயந்திரமோ 1.6 லீற்றர், வலு ஏறத்தாழ 115, நிறையும் ஆயிரம் கிலோகிராமுக்குக் குறைவு. ஏற்றம் வந்தால் எந்தக் கியர் என எண்ண வேண்டும். வளைவு வந்தால் சாலையின் இயல்பு கைக்கு எட்டும். உள்ள வலு முழுவதையும் சட்டத்துக்கு உட்பட்டே செலவிடலாம். இதனையன்றோ இன்பம் என்கிறோம்?

1962 முதல் 1980 வரை செய்யப்பெற்ற ஆங்கிலேயரின் எம்.ஜி.பி. காரே அழகிற் சிறந்தது என்பாரும் உளர். மறுக்கிலோம். ஆயின் இரண்டுக்கும் பகை ஒன்றே. இவற்றிற் பாரந் தாங்குவது உடலே. கதவின் கீழுள்ள பக்கச் சட்டம் கறள் பிடித்தால் காரின் வலிமையே போயிற்று. மஸ்டாவில் துணிக்கூரையின் மழைநீர் வடியும் துளைகள் ஆசனங்களின் பின்னே உள்ளன. இலை குப்பையால் அவை அடைபட்டால், நீர் உள்ளே தேங்கிச் சட்டத்தை அரிக்கும்.

மூன்று கார்களைப் பார்த்தோம். முதலாவது செந்நிறம், கண்ணாடிபோல் மின்னியது. மாணவர் மயங்கிவிட்டார். வீடு வாங்கச் சேர்த்த பணத்திலிருந்து முற்பணமும் எடுத்து வந்திருந்தார். நாம் ஆசனத்தின் பின்னே விரிப்பைத் தொட்டோம், ஈரம். கீழே குனிந்தால் புதிதாய்ப் பூசிய கருந்தார். ஆண்டுப் பரிசோதனைப் பதிவுகளை அந்நாட்டில் எவரும் பார்க்கலாம்; பார்த்தபோது, மூன்றாண்டுகளுக்கு முன்னரே அங்கே கறள் குறிக்கப்பட்டிருந்தது. விற்றவர் வாய் திறக்கவில்லை. மாணவர்க்கோ எம்மீதே கோபம். அன்று மாலைவரை பேசவில்லை.

ஈற்றில் வாங்கியது நிறம் மங்கிய நீலக் கார். கூரை கிழிந்திருந்தது. கிழிந்த கூரையை மாற்றிவிடலாம். அரித்த சட்டத்தையோ வெட்டி ஒட்டல் வேண்டும், அச்செலவில் இன்னொரு பழைய காரே வாங்கலாம். மிகுந்த பணத்தில் நல்ல ரயர்கள் நான்கு போட்டார். எம்மை ஏற்றிச் சென்ற அன்று தூறல். கூரையை மூடுக என்றோம், கேட்டாரில்லை.