மன்னிக்கலாம்... சாவியையும் திருப்பிக் கொடுக்க வேண்டுமா? - ரமணர் ஆசிரம வழக்கு சொல்லும் பாடம்

வெளியாள் ஏமாற்றினால் கோபம் வரும். நம்மவர் ஏமாற்றினால் தூக்கமே போய்விடும். பணமோ பதவியோ மட்டும் அங்கே பறிபோவதில்லை. 'இது நம்ம இடம், இவங்க நம்ம ஆளுங்க' என்ற நம்பிக்கையும் சேர்ந்து ஆட்டம் கண்டுவிடுகிறது.

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்து மக்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மழையை நம்பிய மானாவாரி பூமி. ஊருக்கு ஒரு கண்மாய், ஒரு கோயில், ஒரு பொங்கல். கோயில் வரிக் கணக்கில் சண்டை, முதல் மரியாதையில் சண்டை, சங்கத் தேர்தலில் சண்டை என எது வந்தாலும், மறுநாள் காலையில் அதே கண்மாய்க்கரையில் அதே முகத்தைத்தான் பார்த்தாக வேண்டும். போதாக்குறைக்கு இப்போது வாட்ஸ்அப் குரூப் வேறு. நேரில் பேசக் கூசுகிற வார்த்தைகள் ராத்திரி 11 மணிக்கு அங்கே வந்து விழுகின்றன.

இப்படி ஒரு காயம், இதே மண்ணில் பிறந்த ஒரு மகானுக்கும் நேர்ந்திருக்கிறது. அதுவும் கோர்ட் வரை போயிருக்கிறது.

வக்கீல் வீட்டுப் பிள்ளை

திருச்சுழியில், திருமேனிநாதர் கோயிலுக்கு அருகே உள்ள வீட்டில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்தவர் வேங்கடராமன். அப்பா சுந்தரம் ஐயர் சிறுவயதிலேயே குமாஸ்தா வேலைக்குப் போனவர். பிறகு மனு எழுதிக் கொடுத்து, படிப்படியாக வக்கீல் தொழிலுக்கு வந்தார். ஊருக்கு வந்த யாரும் அவர் வீட்டில் சாப்பிடலாம் என்ற நல்ல பெயர் அவருக்கு உண்டு. 1892-ல் அவர் காலமானார். நான்கே ஆண்டுகளில், 16 வயது வேங்கடராமன் வீட்டை விட்டுக் கிளம்பி, 1896 செப்டம்பர் 1-ல் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார். உலகம் அறிந்த ரமண மகரிஷி அவர்தான்.

சொத்து, பதவி எதுவும் வேண்டாம் என்று வந்தவரைச் சுற்றி ஆட்கள் சேர்ந்தார்கள். மலைமேல் ஸ்கந்தாசிரமத்தில் இருந்தபோது, அவரைக் கவனித்துக்கொண்டு நிர்வாக வேலைகளையும் பார்த்தவர்களில் ஒருவர் பெருமாள் சுவாமி. 1922-ல் ரமணரின் அம்மா அழகம்மாள் மறைந்தார். அம்மாவின் சமாதிக்குப் பக்கத்திலேயே அடிவாரத்தில் ரமணர் தங்கிவிட, அங்கே ஆசிரமம் வளர்ந்தது. பிறகு நிர்வாகம், ரமணரின் தம்பியான சின்னசுவாமி என்கிற நிரஞ்ஜனானந்த சுவாமியின் கைக்கு வந்தது. அந்தப் பொறுப்புக்குப் பெயர் 'சர்வாதிகாரி'. அன்றைய வழக்கில் அதற்கு 'முழுப் பொறுப்பாளர்' என்றுதான் அர்த்தம்.

பெருமாள் சுவாமியால் இதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. 1930-களில் ரமணரைத் தாக்கி ஒரு புத்தகம் வெளியிட்டார். நிர்வாகம் தொடர்பாக வழக்கும் போட்டார். கூடவே இருந்து, ஒரே இடத்தில் சாப்பிட்டவர் செய்த காரியம் இது.

சின்னசுவாமியின் கண்டிப்பால் மனம் வருந்திய பக்தர்களும் அந்தக் காலத்தில் இருந்தார்கள். எல்லா ஊர்ச் சண்டையையும் போல இதிலும் எல்லோரிடமும் ஏதோ ஒரு வருத்தம் இருந்திருக்கிறது.

ரமணர் என்ன செய்தார்?

முதலில், அவர் பதிலடி கொடுக்கவில்லை. தன்னை இழிவுபடுத்தி வந்த புத்தகத்தை ஆசிரம வாசலிலேயே விற்கலாமே, படிப்பவர்கள் வராமல் போனால் கூட்டமாவது குறையும் என்று அவர் வேடிக்கையாகச் சொன்னாராம். ஆசிரமத்தில் கட்டட வேலைகளைக் கவனித்த அண்ணாமலை சுவாமியின் நினைவுகளில் இது பதிவாகியிருக்கிறது.

இரண்டாவது, உண்மையைச் சொல்ல வேண்டிய இடத்தில் அவர் ஒதுங்கவில்லை. கோர்ட் சார்பில் அவரிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். நீங்கள் எந்த ஆசிரமத்தைச் சேர்ந்தவர் என்று கேட்டதற்கு, நான்கு ஆசிரமங்களையும் கடந்த 'அதியாசிரமி' என்றார். சொத்தைப் பற்றிக் கேட்டபோது, அதைத் தான் தேடவில்லை, தானாக வந்து சேர்ந்தது, அதன்மேல் விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை என்ற பொருளில் பதில் சொன்னார். அப்பா வாதாடிய கோர்ட், துறவியாகிவிட்ட மகனையும் தேடி வந்தது. கேட்டதற்குப் பொறுமையாகப் பதில் சொன்னார்.

மூன்றாவது, நிர்வாகத்தைத் தெளிவாக எழுதி வைக்கச் சம்மதித்தார். ஆசிரமப் பொறுப்பு யாரிடம் இருக்க வேண்டும், எப்படித் தொடர வேண்டும் என்று 1938-ல் உயில் எழுதப்பட்டது. 1953-ல் மறையும் வரை சின்னசுவாமியே நிர்வாகத்தைப் பார்த்தார்.

நான்காவதுதான் மனதைத் தொடுவது. கடைசிக் காலத்தில் நோயும் தனிமையுமாக இருந்த பெருமாள் சுவாமி, ரமணரிடம் வந்து அழுதார். உங்களுக்கு எதிராக இத்தனை செய்துவிட்டேன், நிச்சயம் நரகத்துக்குத்தான் போவேன், என்னை மறந்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். நீ என்னை மறந்தாலும் நான் உன்னை மறக்க மாட்டேன், அந்த நரகத்திலும் நான் இருப்பேன் என்பதுதான் ரமணர் சொன்ன பதிலின் சாரம். இதையும் அண்ணாமலை சுவாமியே சொல்லியிருக்கிறார்.

ஆனால், பெருமாள் சுவாமியிடம் நிர்வாகம் திரும்பிப் போகவில்லை. மனதில் இடம் இருந்தது, சாவி மட்டும் கைமாறவில்லை. 'மன்னிச்சுட்டேன்னு சொல்றே, அப்போ பழையபடி பொறுப்பைக் குடு' என்று கேட்கும்போது திணறுகிறோம் இல்லையா? மன்னிப்பது ஒன்று, பொறுப்பை ஒப்படைப்பது வேறொன்று. முதலாவது மனசு சம்பந்தப்பட்டது. இரண்டாவது ஊர்ப் பணம், ஊர் நன்மை சம்பந்தப்பட்டது.

பல்லும் நாக்கும்

1924 ஜூன் 26 இரவு, ஆசிரமத்துக்குள் திருடர்கள் புகுந்து ரமணரையும் தொடையில் அடித்தார்கள். திருப்பி அடிக்கக் கிளம்பிய சீடரை அவர் தடுத்தார். நம் பல் நம் நாக்கைக் கடித்துவிட்டால் பல்லைத் தட்டி உடைத்துவிடுவோமா என்று கேட்டார். அதே நேரம், உதவிக்கு ஆள் போனது, போலீஸும் வந்தது. எனவே, பழிவாங்க வேண்டாம் என்பதற்கு, நடந்ததை மூடி மறைக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. அடிதடி, மிரட்டல், பெண்கள், குழந்தைகளிடம் அத்துமீறல், பொதுப் பணத் திருட்டு போன்றவற்றை 'ஊருக்குள்ளேயே பேசி முடிச்சுக்கலாம்' என்று விடக் கூடாது. காயப்பட்டவரிடம் போய் 'மன்னிச்சுடு, ஊர் பேர் கெட்டுடும்' என்று நெருக்குவதும் தவறு.

நாம் என்ன செய்யலாம்?

* சூடாக இருக்கும்போது குரூப்பில் பதில் போடாதீர்கள். எழுதியதை ஒரு நாள் வைத்திருந்து மறுபடி படியுங்கள். பாதி வரிகளை நீங்களே அழித்துவிடுவீர்கள்.

* கேள்வி எழும் இடத்தில் உண்மையை அளவோடு சொல்லுங்கள். எதிராளியின் குடும்பத்தை இழுக்க வேண்டாம்.

* கணக்கையும் பொறுப்பையும் எழுத்தில் வையுங்கள். அருப்புக்கோட்டை, விருதுநகர் பகுதி உறவின்முறைகளில் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை 'மகமை'யாகப் பொது நிதிக்குக் கொடுக்கும் பழக்கம் உண்டு. கிணறும் பள்ளிக்கூடமும் அப்படி எழுந்திருக்கின்றன. பொதுப் பணம் என்றால் அதற்குப் பொதுவில் கணக்கும் வேண்டும். கணக்கு கேட்பதைச் சந்தேகமாக எடுத்துக்கொள்ளாத இடத்தில் பாதிச் சண்டை குறைந்துவிடும்.

* கொஞ்ச காலம் விலகி இருக்கத் தோன்றினால் விலகி இருங்கள். சங்கப் பொறுப்பை விட்டுவிட்டு, கோயிலுக்கு மட்டும் போய் வரலாம். ஒருவர் செய்ததற்காக ஊரையே வெறுக்க வேண்டியதில்லை.

* தப்பு செய்தவர் வீட்டில் சாவு என்றால் போய் நில்லுங்கள். அவர் உடம்பு முடியாமல் கிடந்தால் விசாரியுங்கள். அடுத்த கமிட்டியில் அவரைப் பொருளாளர் ஆக்குவதா என்பதை ஊர் கூடி, கணக்கைப் பார்த்து முடிவு செய்யட்டும்.