நான்கு சக்கரக் குதிரைகள்

துருக்கி தேசத்தின் நடு மையத்தில் கப்பத்தோக்கியா என்று ஒரு பிரதேசம் இருக்கிறது. கிறிஸ்தவ வேதத்தைத் தமிழில் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. அந்தக் காலத்தில் இந்தப் பிரதேசம் குதிரைகளுக்குப் பேர் போனது. பாரசீகச் சக்கரவர்த்திகளுக்கு இந்த நாடு வெள்ளியோடு வருஷந்தோறும் 1,500 குதிரைகளையும் 2,000 கோவேறு கழுதைகளையும் 50,000 ஆடுகளையும் கப்பமாகக் கட்டி வந்ததென்று, சுமார் இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன் வாழ்ந்த ஸ்டிராபோ என்னும் பூகோள சாஸ்திரி எழுதி வைத்திருக்கிறார்.

இப்போது அங்கே பாரசீகச் சக்கரவர்த்தி இல்லை. கப்பமும் இல்லை. குதிரைகள் கொஞ்சம் உண்டு. ஆனால் மாலை நான்கு மணிக்கு மேல் கோரெமே என்ற ஊரின் ஓரத்தில் போய் நின்றால், வரிசை வரிசையாக வேறு விதமான குதிரைகள் உறுமிக் கொண்டிருப்பதைக் காணலாம். இவற்றுக்குப் புல்லும் கொள்ளும் வேண்டாம், பெட்ரோல் போதும். குவாட் பைக் என்றும் ஏ.டி.வி. என்றும் சொல்கிறார்கள்.

மோட்டார் ஸைக்கிளுக்கும் டிராக்டருக்கும் கலியாணம் செய்து வைத்தால் பிறக்கக்கூடிய குழந்தை அது. குதிரைமேல் உட்காருவது போல் இருபுறமும் கால் போட்டு உட்கார வேண்டும். கையில் பிடிக்க மோட்டார் ஸைக்கிளின் கைப்பிடி. கீழே நான்கு உப்பிய டயர்கள். டயர்களில் காற்றைக் குறைவாகவே அடைப்பதால், அவை மேடு பள்ளங்களை அமுங்கிக் கொடுத்துத் தாண்டுகின்றன. வேகம் கொடுப்பதற்கு வலது கைக் கட்டை விரலால் ஒரு சிறு நெம்புகோலை அழுத்தினால் போதும். மனிதனுடைய கட்டை விரலுக்கு இவ்வளவு அதிகாரம் கொடுத்தது நல்லதா என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

இந்த வாகனத்தின் சரித்திரமும் சுவாரஸ்யமானதே. 1970-இல் ஜப்பானிய ஹோண்டா கம்பெனி மூன்று சக்கரத்தோடு இப்படிப்பட்ட வண்டியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. விளையாட்டுக்கென்று பிறந்த அந்த வண்டியைக் குடியானவர்களும் வாங்கினார்கள். ஆனால் திரும்பும்போது குப்புறக் கவிழ்வது அதன் சுபாவமாக இருந்தது. 1982-இல் ஸுஸுகி கம்பெனி நான்கு சக்கர வண்டியைக் கொண்டு வந்தது. விபத்துக்கள் மிகுந்து போனதால், 1988-இல் அமெரிக்க சர்க்காருக்கும் கம்பெனிகளுக்கும் ஏற்பட்ட ஒப்பந்தப்படி அந்நாட்டில் புதிய மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை நின்று போயிற்று. நான்கு சக்கரமும் கவிழாது என்று நினைக்க வேண்டாம். அகலம் குறைவு, உயரம் அதிகம். சரிவில் குறுக்கே போகும்போது உடம்பை மேட்டுப் பக்கம் சாய்த்துக்கொள்ளாவிட்டால், வண்டி நம்மைச் சாய்த்துவிடும்.

சென்ற கோடை விடுமுறையில் நானும் என் மனைவியும் ஒரு யாத்திரைக் கோஷ்டியோடு அங்கே போயிருந்தோம். வண்டிகளுக்குச் சொந்தக்காரர் எங்களுக்கு ஒரே வண்டியைக் காட்டி, "யார் ஓட்டுகிறீர்கள்?" என்று கேட்டார். நான் பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் என் மனைவி முன் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். இல்லற தர்மத்தில் நெடுநாளாக நடந்து வருகிற ஏற்பாட்டை அயல் தேசத்தில் மாற்றுவானேன் என்று நானும் பின்னால் உட்கார்ந்தேன்.

எங்கள் வழிகாட்டி முப்பது வயதுள்ள வாலிபர். நான் உபாத்தியாயர் என்று தெரிந்ததும் அவர் என்னை "ஹோஜாம்" என்று அழைக்கத் தொடங்கினார். "என் குருவே" என்பது போன்ற சொல் அது. துருக்கியில் பள்ளி ஆசிரியர்களை ஜனங்கள் இன்னும் இப்படித்தான் அழைக்கிறார்கள். தலைக்கவசத்தை மாட்டி, மூக்கையும் வாயையும் துணியால் கட்டச் சொல்லி, மைதானத்தில் இரண்டு சுற்று ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு விதிகளைச் சொன்னார்: ஒருவர் பின் ஒருவராக வர வேண்டும், முந்தக் கூடாது, முன் வண்டிக்கும் உங்களுக்கும் இடைவெளி வேண்டும், தடத்தை விட்டு ஓர் அடிகூட விலகக் கூடாது. கடைசி விதியை அவர் இரண்டு தரம் சொன்னார். அதன் காரணம் பின்னால் தெரிந்தது.

வண்டிகள் கிளம்பின. கிளம்பிய ஐந்து நிமிஷத்தில் எங்கள் எல்லோருடைய தலையும் புருவமும் ஒரே நிறமாகிவிட்டன. அந்தப் புழுதி சாதாரணப் புழுதி அல்ல; எரிமலைச் சாம்பல். கிழக்கே 3,900 மீட்டருக்கு மேல் உயர்ந்த எர்ஜியெஸ் மலையும், தென்மேற்கே 3,200 மீட்டருக்கு மேல் உயர்ந்த ஹஸன் மலையும் நிற்கின்றன. இரண்டும் எரிமலைகள். இவையும் இவற்றுக்கு முன் இருந்த மலைகளும் லட்சக்கணக்கான வருஷங்களாகக் கக்கிய சாம்பல் படிந்து இறுகி, மெதுவான கல்லாயிற்று. அதன்மேல் ஆங்காங்கே கடினமான கல் படிந்தது. மழையும் உறைபனியும் காற்றும் மெதுவான கல்லைக் கரைத்தன. கடினமான கல் தலையில் தொப்பியாக இருந்த இடத்தில் மட்டும் அடியிலுள்ள கல் கரையாமல் தூணாக நின்றது. இப்படி நிற்கும் ஆயிரக்கணக்கான தூண்களைத் துருக்கி ஜனங்கள் தேவதைகளின் புகைபோக்கிகள் என்கிறார்கள். தொப்பி விழுந்துவிட்டால், தூணும் நாளடைவில் கரைந்து போகும்.

வாள் பள்ளத்தாக்கு என்று பெயர் கொண்ட இடத்தில் பாறைகள் உருவிய வாள்களைப் போலக் கூர்மையாக நிற்கின்றன. அப்பால் சாவுஷின் கிராமம். அதற்கும் அப்பால் ரோஜாப் பள்ளத்தாக்கு, செம்பள்ளத்தாக்கு. பாறைகளின் உச்சியில் சின்னச் சின்ன ஜன்னல்கள் தெரிந்தன. அவ்வளவு உயரத்தில் குடியிருந்தவர் யார் என்று கேட்டேன். "புறாக்கள்" என்றார் வழிகாட்டி. இந்த நாட்டுக் குடியானவர்கள் பாறையைக் குடைந்து புறாக்களுக்கு வீடு கட்டிக் கொடுத்து, வாடகையாக அவற்றின் எச்சத்தை வாங்கிக் கொண்டார்கள். சாம்பல் மண்ணுக்கு அந்த எருவைப் போட்டுத்தான் திராட்சையை விளைவித்தார்கள். குடைந்த பாறை அறைகளில் வெயில் காலத்திலும் குளுமை இருக்கும். ஆகையால் கடற்கரை ஜில்லாக்களிலிருந்து எலுமிச்சம் பழத்தைக் கொண்டுவந்து இன்றும் ஓர்த்தஹிஸார் என்னும் ஊரில் அடுக்கி வைக்கிறார்கள். இயற்கை கொடுத்தது சாம்பல். அதை வீடாகவும் கோயிலாகவும் களஞ்சியமாகவும் ஆக்கியது ஜனங்களின் கை.

ரோஜாப் பள்ளத்தாக்கை நெருங்கும்போது அந்தச் சம்பவம் நடந்தது. எங்களுக்கு முன்னால் போய்க் கொண்டிருந்த ஒருவர், எந்த தேசத்தவர் என்று சொல்ல வேண்டாம், தடத்தை விட்டு விலகி, பக்கத்துச் சரிவில் வண்டியை ஏற்றி ஒரு வட்டம் அடித்தார். படம் எடுத்துக்கொள்வதற்காக. அவர் கண்ணுக்கு அது வெறும் பொட்டல். உண்மையில் அது திராட்சைத் தோட்டம். அந்த நாட்டில் திராட்சைக்குப் பந்தல் கிடையாது. கொடி தரையோடு தரையாகப் படர்ந்திருக்கும். மூன்று கொடிகள் சக்கரத்தின் அடியில் நசுங்கிவிட்டன.

வழிகாட்டி எல்லா வண்டிகளையும் நிறுத்தினார். கோபித்துக் கத்தவில்லை. அந்த மனிதரை இறங்கச் சொல்லி, சாவியை எடுத்துக்கொண்டு, நடந்து வந்து கொடியைப் பார்க்கச் சொன்னார். "பணம் கொடுத்து விடுகிறேன்" என்றார் அவர். "பணத்தைத் தோட்டக்காரரிடம் சேர்த்து விடுகிறேன். ஆனால் ஒரு கொடி காய்க்க எத்தனை வருஷம் ஆகுமென்று தெரியுமா?" என்று மட்டும் கேட்டார் வழிகாட்டி. பிறகு அவரைத் தமக்கு நேர் பின்னால் வரச் செய்தார். அப்புறம் ஒருவரும் தடம் விலகவில்லை.

செம்பள்ளத்தாக்கின் விளிம்பில் வண்டிகளை நிறுத்தியபோது சூரியன் மலைவாயில் இறங்கிக் கொண்டிருந்தான். யந்திரங்கள் ஓய்ந்ததும் ஏற்பட்ட நிசப்தம்தான் முதல் ஆனந்தம். அந்தப் பாறையில் இரும்புத் துரு கலந்திருக்கிறது. பகலில் வெளிறிய ரோஜா நிறமாக இருந்த கல், சாயங்கால வெயில் பட்டதும் செம்பருத்தி நிறமாகி, பிறகு குங்குமமாகி, கடைசியில் அணையும் கரியைப் போல் உள்ளே கனன்றது. பள்ளத்தாக்கின் அடியில் நீல நிழல் தண்ணீரைப் போல் மெல்ல ஏறிக்கொண்டே வந்தது. தூரத்தில் எர்ஜியெஸ் மட்டும் சற்று நேரம் கூடுதலாக ஒளிர்ந்தது.

வழிகாட்டி எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஹோஜாம், அந்தக் கொடிகளை நட்டவர்கள் இப்போது இங்கே இல்லை" என்றார்.

அவர் சொன்ன கதை, சரித்திரம் படித்தவர்களுக்குத் தெரிந்ததுதான். இந்தப் பாறைகளில் கிறிஸ்தவத் துறவிகள் குடைந்த கோயில்கள் நூற்றுக் கணக்கில் இருக்கின்றன. ரோஜாப் பள்ளத்தாக்கில் ஒரு கோயிலில், தூண்களை நிறுத்திக் கட்டாமல், தூண்களை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் குடைந்து எடுத்திருக்கிறார்கள். அந்தக் கிறிஸ்தவர்களின் சந்ததியார் ஆயிரம் வருஷங்களுக்கு மேல் இங்கே வாழ்ந்தார்கள். அவர்களில் பலருக்குத் தாய் பாஷையே துருக்கி பாஷைதான். அதைக் கிரேக்க எழுத்தில் எழுதினார்கள். 1923 ஜனவரி 30-ஆம் தேதி லோஸான் நகரில் கிரீஸும் துருக்கியும் ஓர் ஒப்பந்தம் செய்து கொண்டன. அதன்படி துருக்கியிலிருந்து சுமார் பன்னிரண்டு லட்சம் கிறிஸ்தவர்கள் கிரீஸுக்கும், கிரீஸிலிருந்து சுமார் நான்கு லட்சம் முஸ்லிம்கள் துருக்கிக்கும் உரியவர்களாகக் கணக்கிடப்பட்டார்கள். பாஷையை யாரும் பார்க்கவில்லை. மதத்தை மட்டும் பார்த்தார்கள். 1924-இல் இந்தப் பள்ளத்தாக்குகள் காலியாயின.

"என் பாட்டியின் தாயார் அப்போது பத்து வயதுப் பெண், கிரீஸிலிருந்து வந்தாள். அவளுக்குத் துருக்கி பாஷையே தெரியாது" என்றார் வழிகாட்டி. "யாரோ விட்டுப் போன வீட்டையும் தோட்டத்தையும் கொடுத்தார்கள். 'இது நம்முடையதல்ல, அவர்கள் திரும்பி வந்தால் கொடிகள் உயிரோடு இருக்க வேண்டும்' என்று சொல்லிச் சொல்லியே களை பறித்தாளாம். அவர்கள் வரவில்லை."

நான் பதில் சொல்லவில்லை. கிலாபத்துக்காக 1920-இல் காந்தியடிகளின் தலைமையில் நம் தேசத்து ஹிந்துக்களும் முஸ்லிம்களும் தோளோடு தோள் நின்றார்கள். அந்தக் கிலாபத்தையே 1924-இல் துருக்கியின் சொந்தச் சட்டசபை எடுத்துவிட்டது. அதற்கு 23 வருஷங்களுக்குப் பின் நம் தேசத்திலும் யாரோ நட்ட மரத்துக்கு வேறு யாரோ தண்ணீர் விடும்படி நேர்ந்தது. தேசங்கள் கோடு போட்டுக்கொள்கின்றன. கொடிகளுக்கு அந்தக் கோடு தெரிவதில்லை.

இனி, வாசகர்கள் கேட்கக்கூடிய கேள்விக்கு வருவோம். இப்படிப்பட்ட இடத்தில் மோட்டார் வண்டி ஓட்டலாமா?

1985-இல் யுனெஸ்கோ ஸ்தாபனம் இந்தப் பிரதேசத்தை உலகப் பொதுச் சொத்தாக ஏற்றுக்கொண்டது. 2019-இல் துருக்கி சர்க்கார் கப்பத்தோக்கியாவுக்கென்று தனிச் சட்டமும் நிர்வாகமும் ஏற்படுத்தி, அதே வருஷம் கோரெமேயின் தேசியப் பூங்கா அந்தஸ்தை நீக்கியது. இதனால் பாதுகாப்பு குறையும் என்று சிலரும், ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தது நல்லது என்று சிலரும் வாதாடினார்கள். அந்த வாதத்தில் நாம் புக வேண்டியதில்லை. ஆனால் ஒரு விஷயம் கண்ணுக்குத் தெரிந்தது. இந்த மண்ணைப் பிடித்து வைத்திருப்பது மேலே முளைத்திருக்கும் மெல்லிய புல்லும் பூண்டுமே. சக்கரம் அதைக் கிழித்தால் மண் மாவாகிறது. மழை வந்து அந்தத் தடத்தையே வாய்க்காலாக்கிக்கொள்கிறது. அரிப்புத்தான் இந்த அழகைச் செய்தது என்பது உண்மை. ஆனால் மழை நிதானமாகச் செய்த சிற்பத்தை, சக்கரம் அவசரமாகச் செய்யப் பார்க்கிறது. அவசரச் சிற்பி கையில் உளி இருந்தால் சிலை மிஞ்சாது.

அதற்காக வண்டிகளை அடியோடு ஒழித்துவிட வேண்டும் என்பது என் அபிப்பிராயமல்ல. அவற்றால் பிழைக்கும் குடும்பங்கள் அநேகம். முழங்கால் வலியுள்ள முதியவர்களும் இதனால்தான் அந்த விளிம்பை எட்டிப் பார்க்க முடிகிறது. வண்டிக்கென்று ஒதுக்கிய தடம், அளவான எண்ணிக்கை, கண்டிப்பான வழிகாட்டி ஆகிய மூன்றும் இருந்தால் தீமை கட்டுக்குள் நிற்கும். மூன்றில் வழிகாட்டியே முக்கியம். சட்டம் நகரத்தில் இருக்கிறது. கொடி நசுங்கும் இடத்தில் இருப்பவர் அவர்தான்.

ஆகவே அங்கே போகும் அன்பர்களுக்கு என் யோசனை இது. கூலி குறைவாகக் கேட்பவரைத் தேடாதீர்கள். விதிகளை இரண்டு தரம் சொல்பவரைத் தேடுங்கள். ஒரு மாலை வண்டியில் போங்கள். மறு நாள் காலை, நூற்றுக்கு மேற்பட்ட ஆகாயக் கூண்டுகள் வானத்தில் மிதக்கும் வேளையில், அதே ரோஜாப் பள்ளத்தாக்கிற்குள் நடந்து போங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். வண்டியில் இரண்டு மணி நேரத்தில் பார்த்ததில் பாதிகூட நடையில் பார்க்கவில்லை. ஆனால் பார்த்தது எல்லாம் மனத்தில் நின்றது. ஒரு தோட்டத்து வேலியருகே கிழவி ஒருத்தி திராட்சை இலைகளைக் கிள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் தேநீர் கொடுத்தாள். எங்கள் வண்டி எவ்வளவு நன்றாக ஓடியிருந்தாலும், அவளைத் தாண்டி ஓடியிருக்கும்.